திரைக்குள் ஒரு தேசம் – 7: அக்கரைக் கோட்டை

அரசர் பேசி முடித்துவிட்டார். சிம்மாசன அறையில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. வெளியே போகும் கதவு பூட்டிக் கிடக்கிறது. விளையாட வந்தவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாக வேண்டும். ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. சாவியோடு கதவருகே போய், ‘கதவு’ என்ற கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் வழி திறக்கும். படிக்கட்டின் மேல் போய் நின்றால் மட்டும் போதாது. ‘படி’ என்று தனியாக ஒரு கட்டளை உண்டு, அதையும் கொடுக்க வேண்டும். எதிரே நிற்கும் காவலனிடம் பேசுவதென்றாலும் ‘பேசு’ என்று சொல்லிவிட்டு, வடக்கா தெற்கா என்று திசையையும் சொல்ல வேண்டும்.

ஒருவழியாக வெளியே வந்தால் புல்வெளி. இசை மாறுகிறது. பக்கத்திலேயே ஓர் ஊர். அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோட்டை தெரிகிறது.

அதுதான் பகைவனின் கோட்டை. டிராகன் மன்னன் அங்கேதான் இருக்கிறான். கதை எங்கே முடியப்போகிறதோ அந்த இடம், கதை தொடங்கிய சில நிமிடங்களிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கூப்பிடு தூரம்தான், ஆனால் போக வழியில்லை. அந்தச் சிறிய நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு ஒரு நாட்டையே சுற்றி வந்தாக வேண்டும்.

1986 மே 27 அன்று ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ இப்படித்தான் தொடங்கியது. வீட்டு டிவியில் செருகி ஆடும் கேசட் ஒன்று இவ்வளவு நிதானமாக, இவ்வளவு நம்பிக்கையோடு ஒரு கதையைத் தொடங்கியதில்லை. கதையை வார்த்தையில் சொல்வதற்கு அதில் இடம் மிகக் குறைவு. அதனால் அதைச் செய்தவர்கள் கதையை நிலத்தில் எழுதினார்கள். எந்த இடத்தில் மலை, எங்கே பாலம், எந்த ஊர் பாழடைந்து கிடக்கிறது, எந்தக் கிழவர் எதைப் பாதி சொல்லி நிறுத்துகிறார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கதை. நடந்தால்தான் அது விரியும்.

சென்ற இரு வாரங்களில் அமெரிக்கக் கம்ப்யூட்டர்களில் 1981-ல் பிறந்த ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ ஆகிய இரண்டையும் பார்த்தோம். அவை கீபோர்டு வைத்திருந்தவர்களின் விளையாட்டுகள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டளை, தடித்த கையேடு, வரைபடத் தாள். டிவி கேம் பெட்டிக்கு அது எதுவும் பொருந்தாது. ஆனாலும் அந்தப் பெட்டிகளில் ஊர் சுற்றும் ஆசை அதற்கு முன்பே எட்டிப் பார்த்துவிட்டது.

அடாரி நிறுவனத்தின் 2600 பெட்டிக்கு வாரன் ராபினெட் எழுதிய ‘அட்வெஞ்சர்’ 1980-ல் கடைக்கு வந்தது. ‘கொலோசல் கேவ்’ என்ற எழுத்து விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடிவிட்டு, அதையே படமாகக் காட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கையில் இருந்ததோ 4 கிலோபைட் கேசட். அந்தப் பெட்டியின் தற்காலிக நினைவகம் 128 பைட். நாயகன் ஒரு சதுரம், அவ்வளவுதான். கைப்பிடி இல்லாத அம்பு மாதிரி ஒரு வாள், வாத்துபோலத் தெரியும் மூன்று டிராகன்கள், பொருளைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும் ஒரு வௌவால். ஆனால் முப்பது அறைகள் இருந்தன. ஒரு திரையின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த திரை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வௌவால் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. அந்த உலகம் ஆடுபவருக்காகக் காத்து நிற்கவில்லை.

அன்றைய அடாரி, விளையாட்டைச் செய்தவரின் பெயரைப் போடாது. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டி, தன் பெயரை அதில் எழுதி வைத்தார். கண்ணுக்கே படாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துச் சரியான சுவர்வரை தூக்கிப்போனால்தான் அந்த அறை திறக்கும். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. சுவரைத் தடவிப் பார்க்கத் தூண்டும் விளையாட்டு ஒன்றைச் செய்தால், யாராவது நிச்சயம் தடவிப் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

இனி ஜப்பானுக்கு வருவோம்.

யூஜி ஹோரி 1954-ல் அவாஜி தீவில் பிறந்தவர். வாசேதா பல்கலைக்கழகத்தில் படித்தபோது சித்திரக்கதை மன்றத்தில் இருந்தவர். சித்திரக்கதை ஆசிரியராக வேண்டும் என்ற கனவோடு வளர்ந்தவர். படித்து முடித்துப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். எனிக்ஸ் நிறுவனம் அப்போது விளையாட்டு எழுதுபவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. ஹோரி ஒரு டென்னிஸ் விளையாட்டை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற இன்னொருவர், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கோயிச்சி நாகமுரா. இருவரும் 1983-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கே ‘விசார்ட்ரி’யைப் பார்த்தார்கள். ஊர் திரும்பிய பிறகு ‘அல்டிமா’வும் சேர்ந்துகொண்டது. மேலிருந்து பார்க்கும் நிலம் ‘அல்டிமா’விலிருந்து, நேருக்கு நேர் நின்று போடும் சண்டை ‘விசார்ட்ரி’யிலிருந்து என்று இரண்டையும் இணைக்க முடியும் என்று ஹோரிக்குத் தோன்றியது.

ஆனால் அவர் நேராக அதில் இறங்கிவிடவில்லை. 1983-ல் கம்ப்யூட்டருக்கு எழுதிய ‘போர்டோபியா தொடர் கொலை வழக்கு’ என்ற துப்பறியும் விளையாட்டை முதலில் கையில் எடுத்தார். அதையே 1985 நவம்பரில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல். கம்ப்யூட்டரில் ‘தேடு’, ‘விசாரி’ என்று டைப் செய்யலாம். ஃபாமிகாம் கன்ட்ரோலரில் ஒரு கூட்டல் குறியும் இரண்டு பட்டன்களும்தான். கட்டளைகளைப் பட்டியலாகத் திரையில் போட்டு, தேர்ந்தெடுக்க வைத்தார் ஹோரி. அந்தப் பட்டியலை ஜப்பானியச் சிறுவர்கள் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ‘டிராகன் குவெஸ்ட்’ திரையில் வந்த எட்டுக் கட்டளைகளுக்கு அதுதான் ஒத்திகை.

படம் வரைந்தவர் அகிரா தோரியாமா. 1984-ல் ‘டிராகன் பால்’ தொடரைத் தொடங்கி, ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் உச்சத்தில் இருந்த நேரம். ஹோரியும் அதே இதழில் வீடியோ கேம் பகுதிக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஹோரி கிறுக்கிக் கொடுத்த குழகுழப்பான பிசின் பூதத்துக்குத் தோரியாமா நீர்த்துளி வடிவம் கொடுத்து, சிரித்த முகமும் வரைந்து அனுப்பினார். உலகமே அறிந்த ‘ஸ்லைம்’ அப்படித்தான் பிறந்தது. இசை அமைத்த கோயிச்சி சுகியாமா டிவியிலும் விளம்பரங்களிலும் பெயர் பெற்றவர், ஐம்பது வயதைக் கடந்தவர். எனிக்ஸின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டு ஒன்றை ஆடிவிட்டு அவர் எழுதிய வாசகர் அட்டைதான் அவரை அந்த நிறுவனத்தோடு சேர்த்தது. நிரல் எழுதும் பொறுப்பு, நாகமுரா தொடங்கிய சுன்சாஃப்ட் நிறுவனத்துக்கு.

கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் இதுபோல் பத்துப் பதினைந்து கேசட்டாவது அடங்கும். அதற்குள் ஒரு தேசம், ஊர்கள், குகைகள், அரக்கர்கள், இசை, உரையாடல் எல்லாம் அடங்க வேண்டும்.

எழுத்திலிருந்தே சிக்கனம் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் வெளிநாட்டுப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் கதகானா என்ற எழுத்து வரிசை உண்டு. அடிப்படை எழுத்துகள் 46. ஒவ்வொரு எழுத்தின் வடிவமும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். ஆகவே ஹோரி குழுவினர் ஏறக்குறைய இருபது கதகானா எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரக்கர் பெயர், ஊர்ப் பெயர், மந்திரத்தின் பெயர் எதுவானாலும் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். நம் 247 எழுத்துகளில் இருபதை மட்டும் கொடுத்து, ஒரு நாட்டுக்கே பெயர் வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ‘டிராகன்’, ‘ஸ்லைம்’, ‘லாடட்டோம்’, ‘லோரா’ என்று அந்த உலகத்தின் பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்து ஒலிப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

நிலத்துக்கும் இதே கணக்குத்தான். அலெஃப்கார்ட் என்ற அந்த நாடு 120-க்கு 120 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே எழுதி வைத்தால் இடம் போதாது. அதனால் ‘கடல், கடல், கடல்’ என்று எழுதாமல் ‘கடல் – 12, புல் – 5, மலை – 3’ என்று சுருக்கி வைத்தார்கள். இருந்தும் நடந்து பார்த்தவருக்கு அது பெரிய நாடாகவே தெரிந்தது. அதற்குக் காரணம் பாலங்கள்.

அலெஃப்கார்டில் எங்கேயும் ‘இங்கே போகாதே’ என்ற தடுப்பு அதிகம் இல்லை. அரண்மனையை விட்டு இறங்கிய கணத்திலிருந்து ஆடுபவர் பெரும்பாலான இடங்களுக்கு நடக்கலாம். ஆனால் ஒரு பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கத்து அரக்கர்கள் கொஞ்சம் பலசாலிகள். அடுத்த பாலத்தைத் தாண்டினால் இன்னும் பலசாலிகள். இரண்டு அடியில் உயிர் போய்விடும். கதவைப் பூட்டாமல் பயத்தை மட்டும் காவலுக்கு வைத்தார் ஹோரி. சிறுவர்கள் பாலத்தின் முனையில் நின்று யோசித்தார்கள்: இன்னும் ஒரு சண்டை போட்டுப் பார்க்கலாமா, திரும்பிப் போய்ச் சத்திரத்தில் படுக்கலாமா? அந்த யோசனை தானாகவே ஒரு கதையாகிவிடுகிறது. அதை எழுதியது ஆடுபவரே.

இறந்துபோனால் என்ன ஆகும்? இங்கேதான் ஹோரியின் மனசு தெரிகிறது. ‘விசார்ட்ரி’யில் இறப்பு இரக்கமற்றது, பல வாரம் வளர்த்த பாத்திரம் சாம்பலாகிக் காணாமலே போய்விடலாம். ‘டிராகன் குவெஸ்ட்’டில் இறந்தவர் அரசர் முன்னால் மறுபடி கண்விழிக்கிறார். பையில் இருந்த காசில் பாதி போயிருக்கும். சேர்த்த அனுபவம் அப்படியே இருக்கும். தோற்றாலும் முன்பைவிடக் கொஞ்சம் பலசாலியாகத்தான் எழுந்து நிற்கிறார். பத்து வயதுப் பிள்ளையும் விடாமல் ஆடினால் கடைசிவரை போய்ச் சேரலாம் என்பதற்கு இந்த ஏற்பாடு உத்தரவாதம் தந்தது. கைவேகம் இல்லாத அம்மாக்களும் தாத்தாக்களும் ஆடக்கூடிய வீடியோ கேம் இது. டிராகன் குவெஸ்ட் செய்த பெரிய காரியங்களில் இதையே முதலில் வைக்க வேண்டும்.

கதை எப்படி நிலத்தில் எழுதப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தெற்கே மெல்கிடோ என்ற கோட்டை நகரம் இருக்கிறது. வாசலில் கோலெம் என்ற கல் பூதம் காவல். அதை அடித்து வீழ்த்துவது கடினம். எங்கோ ஓர் ஊரில் ஒருவர், கோலெமுக்குப் புல்லாங்குழல் இசை ஆகாது என்கிறார். வேறோர் இடத்தில் இன்னொருவர், மைரா ஊரின் வெந்நீர்க் குளத்துக்குத் தெற்கே தேவதைப் புல்லாங்குழல் புதைந்திருப்பதாகச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டையும் முடிச்சுப் போடுவது ஆடுபவரின் வேலை. மைராவுக்குப் போய், குளத்தங்கரையிலிருந்து தெற்கே அடியை எண்ணி நடந்து, வெறும் தரையில் ‘தேடு’ என்று கட்டளை கொடுத்ததும் புல்லாங்குழல் கிடைக்கிறதே, அந்தச் சந்தோஷத்தை எந்தக் காணொளிக் காட்சியும் தந்துவிட முடியாது. கேட்டது, நினைவில் வைத்தது, நம்பிப் போனது எல்லாம் நாம்.

டோம்டோரா என்று ஓர் ஊர். உள்ளே போனால் கடைகள் இடிந்து கிடக்கின்றன, மனிதர் ஒருவரும் இல்லை, அரக்கர்கள் திரிகிறார்கள். என்ன நடந்தது என்று நீண்ட விளக்கமெல்லாம் அங்கே கிடையாது. ஒரு மரத்தருகே மட்டும் வலிமை வாய்ந்த ஒரு வீரப் பேய் காத்து நிற்கிறது. அதை வென்றால் பழைய நாயகன் லோட்டோவின் கவசம் கிடைக்கும். ஒரு நகரத்தின் அழிவை அந்த விளையாட்டு ஒரு பத்தி வசனமும் இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறது. (இந்த டோம்டோராவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவோம்.)

இளவரசி லோராவை மீட்பது அரசரின் பெருங்கவலை. ஆனால் அவளை மீட்காமலேயே விளையாட்டை முடித்துவிடலாம்! மீட்டால் அவள் ஒரு பரிசு தருவாள்: அரண்மனையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி தள்ளி நிற்கிறோம் என்று சொல்லும் பொருள். சதுப்பு நிலத்தில் புதைந்திருக்கும் லோட்டோவின் சின்னத்தைத் தேட அது உதவும். குகையில் கண்டுபிடித்ததும் அவள் தன்னை அரண்மனைக்குக் கூட்டிப்போகச் சம்மதமா என்று கேட்கிறாள். ‘இல்லை’ என்றால் மறுபடி கேட்கிறாள். எத்தனை முறை ‘இல்லை’ சொன்னாலும், ‘சரி’ சொல்லும்வரை விடுவதில்லை.

கடைசியில் டிராகன் மன்னன் முன்னால் போய் நிற்கும்போது அவனும் ஒரு கேள்வி கேட்கிறான். என்னோடு சேர்ந்துகொள், உலகில் பாதியைத் தருகிறேன். லோராவின் கேள்வியில் பழகிய சிறுவன், இங்கும் ‘சரி’ என்றால் என்ன ஆகிவிடும் என்று நினைத்து அழுத்தியிருப்பான். ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பல நாள் பயணம் இருட்டில் போய் நிற்கும். சின்னக் கேள்விக்கு விளையாட்டு மறுக்கும் உரிமையைத் தரவில்லை. பெரிய கேள்வியின்போது அது தடுக்க வரவில்லை. இரண்டையும் ஒரே கேசட்டில் வைத்ததில் ஹோரியின் கதை சொல்லும் திறமை முழுதாகத் தெரிகிறது.

அந்தக் கோட்டைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்கள்? சூரியக்கல், மழைக்கோல், லோட்டோவின் சின்னம் மூன்றும் சேர்ந்தால் ‘வானவில் துளி’ கிடைக்கும். நீரின் கரையில் நின்று அதைப் பயன்படுத்தினால் பாலம் விழும். முதல் நாள் இக்கரையிலிருந்து பார்த்த இடம். ஆடுபவருக்கு அது ஒரு தீவின் பெயராக இல்லாமல், இத்தனை நாள் ஏங்கிப் பார்த்த இடமாக இருக்கும்.

ஃபாமிகாம் முதல் கேசட்டில் விளையாட்டைச் சேமிக்க வசதி இல்லை. நிறுத்தும்போது இருபது எழுத்து மந்திரம் ஒன்றை அரசர் சொல்வார். அதை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அப்படியே இட வேண்டும். இரண்டாம் பாகம் 1987 ஜனவரியில் வந்தபோது அது 52 எழுத்துவரை நீண்டது. ஓர் எழுத்தைத் தப்பாகக் குறித்துக்கொண்டால் உழைப்பெல்லாம் போச்சு. இரண்டாம் பாகத்தில் தனி நாயகன் போய் மூவர் குழு வந்தது. துணைக்கு வர வேண்டிய இளவரசனைத் தேடிப் போனால் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்பார்கள். அங்கே போனால் இப்போதுதான் கிளம்பினான் என்பார்கள். அவனும் நம்மைத் தேடி அலைந்திருக்கிறான். பிறகு கப்பல் கிடைக்கும், உலகம் திறந்துவிடும். ஆனால் கடைசிப் பகுதி அளவுக்கு மீறிக் கடினம். அவசரத்தில் சரிபார்க்க நேரமில்லாமல் போன வேலை என்பது ஆடும்போதே தெரிகிறது.

மூன்றாம் பாகத்தில்தான் எல்லாம் கைகூடின.

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. ஜப்பானில் கடைகளின் முன்னால் விடியற்காலையிலிருந்தே நீண்ட வரிசை. பள்ளிக்கு மட்டம் போட்டு நின்ற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போலீஸாரிடம் பிடிபட்டார்கள் என்று செய்திகள் வந்தன. முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மொத்தத்தில் ஃபாமிகாம் கேசட் மட்டும் ஏறத்தாழ 38 லட்சம். வேலை நாளில் இந்த விளையாட்டை வெளியிடக் கூடாது என்று ஜப்பான் சட்டமே போட்டதாக ஒரு கதை உலகம் முழுக்க உலவுகிறது. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. நான்காம் பாகம் ஞாயிற்றுக்கிழமை வந்தது உண்மை.

கேசட் இப்போது 256 கிலோபைட். உள்ளே ஒரு சிறு பேட்டரி. மந்திர எழுத்துகளுக்கு விடைகொடுத்தாயிற்று. அவ்வளவு பெருகியும் இடம் போதவில்லை. முகப்புத் திரையின் இசையையும் படத்தையும் கழற்றி எறிந்து, கறுப்புப் பின்னணியில் பெயரை மட்டும் காட்டினார்கள். அந்த இடத்தையும் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்த உலகத்தின் வரைபடத்தைப் பார்த்தால் நம் பூமியின் சாயல் இருக்கும். ரோமாபுரியை நினைவூட்டும் ரோமாரியா, பிரமிடும் அரசியும் கொண்ட இசிஸ், எட்டுத்தலை நாகம் ஆட்டிப்படைக்கும் ஜிபாங், மேற்குக் கடலோரத்தில் போர்த்துகா. போர்த்துகா அரசரிடம் கப்பல் இருக்கிறது. கேட்டால், கிழக்கே போய் மிளகு கொண்டு வா, தருகிறேன் என்கிறார். மிளகு! மலைக்குள் வாழும் நோருட் என்பவன் ரகசியச் சுரங்க வழியைத் திறந்துவிட்டால், மறுபக்கம் நதிக்கரையில் ஓர் ஊர் வருகிறது. அதன் பெயர் பஹாராடா. பாரதம் என்ற பெயரைத்தான் ஜப்பானிய நாக்குக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார்கள். மிளகுக் கடைக்காரரின் பேத்தி தானியாவையும் அவள் காதலன் குப்தாவையும் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்டால், கடையை எடுத்து நடத்தும் குப்தா மிளகை இலவசமாகவே கொடுத்துவிடுவான்.

சங்க காலத்தில் ‘கறி’ என்று வழங்கிய பொருள் அது. அதைத் தேடித்தான் 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். ஹோரி குழுவினர் அந்த வரலாற்றை ஒரு சிறு பணிக்குள் வைத்துவிட்டார்கள். கப்பல் கிடைத்துக் கடல் திறப்பதற்குக் காரணம் மிளகு என்பது விளையாட்டிலும் உண்மை, வரலாற்றிலும் உண்மை. கப்பல் கிடைத்த பிறகு யாரும் வழி சொல்வதில்லை. ஆறு கோளங்கள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் தேடுவது என்பது ஆடுபவர் விருப்பம்.

அப்படித் திரிபவர் டெடோன் என்ற ஊருக்கு இரவில் போனால் விளக்கெரியும். கடைக்காரர் வியாபாரம் பார்ப்பார். சத்திரத்தில் படுக்கை கிடைக்கும். காலையில் எழுந்தால் சுற்றிலும் பாழ். அந்த ஊர் எப்போதோ அழிந்துபோனது. தாங்கள் இறந்தது அங்கே பலருக்குத் தெரியாது. சிறைக்கூடத்தில் இருக்கும் கைதி இரவில் பச்சைக் கோளத்தைக் கையில் கொடுப்பார். பகலில் அங்கே பிணம்தான். பகலில் மட்டும் போனவருக்கு அது இன்னொரு பாழூர். இரவில் மட்டும் போனவருக்குச் சாதாரண ஊர். இரண்டு வேளையும் போனவருக்கே கதை புரியும்.

இன்னோர் இடத்தில் வெட்டவெளியில் ஒரு முதியவர் நிற்கிறார். இங்கே ஊர் கட்ட ஆசை, ஒரு வணிகர் வேண்டும் என்கிறார். நம் குழுவில் ஒரு வணிகரைச் சேர்த்து, பெயர் வைத்து, கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் ஊர் வளர்ந்திருக்கும். ஊருக்கு அந்த வணிகரின் பெயர். பிறகு கேளிக்கை அரங்கம் வரும். மக்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் போனால் அந்த வணிகர் சிறையில் கிடப்பார். ஊரார் புரட்சி செய்துவிட்டார்கள். நாம் பெயர் வைத்து நாம் வளர்த்த மனிதர். 1988-ல் ஒரு எட்டுபிட் பெட்டியில், ஒரு குடியேற்றத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஆடுபவர் வந்துபோகும் இடைவெளிகளிலேயே நடந்து முடிந்தன. இந்தப் பகுதி ஒன்றுக்காகவே மூன்றாம் பாகத்தைத் தலைசிறந்தது என்று சொல்லலாம்.

அதற்குமேல்தான் அந்தப் பெரிய திருப்பம். பரமோஸ் என்ற அரக்க அரசனை வென்று ஊர் திரும்பினால் கொண்டாட்டம். நடுவில் ஒரு குரல். காவலர்கள் மின்னல் தாக்கிச் சாய்கிறார்கள். உண்மையான பகைவன் ஜோமா இன்னும் இருக்கிறான். பூமியில் ஒரு பெருங்குழி. குதித்தால் கீழே வேறொரு உலகம், விடியாத இருட்டு. நடக்கத் தொடங்கியதும் ஓர் இசை வருகிறது: 1986-ல் முதல் பாகத்தின் புல்வெளியில் கேட்ட அதே இசை. சற்றுத் தூரத்தில் லாடட்டோம் கோட்டை. அது அலெஃப்கார்ட்!

அதாவது மூன்றாம் பாகம் முதல் பாகத்துக்கு முந்தைய காலத்தின் கதை. பாழாகக் கண்ட டோம்டோரா இங்கே உயிரோடு இருக்கிறது. கடை திறந்திருக்கிறது, மக்கள் நடமாடுகிறார்கள். அந்த ஊர் பின்னால் என்ன ஆகப்போகிறது என்பது ஆடுபவருக்கு மட்டும் தெரியும். முதல் பாகத்தில் காராய் என்ற பாணனின் கல்லறை இருந்த இடத்தில் அவன் பெற்றோரின் வீடு இருக்கிறது. தண்ணீருக்கு அக்கரையில் அதே இடத்தில் ஒரு கோட்டை, உள்ளே ஜோமா. இறந்துவிட்டதாக நம்பிய தன் தந்தை ஒர்தேகா, அங்கே போராடி விழுவதை நாயகன் கண்முன்னே பார்க்கிறான். சாகும்போது அவர் எதிரே நிற்பது தன் பிள்ளை என்று அறியாமலே பேசுகிறார்.

ஜோமா அழிந்ததும் மேலே போகும் வழி மூடிக்கொள்கிறது. ஊரில் தாய் காத்திருப்பாள். இனிப் போக முடியாது. அலெஃப்கார்டின் அரசர் அந்த வீரனுக்கு லோட்டோ என்ற பட்டத்தைத் தருகிறார். வாளும் கவசமும் சின்னமும் பின்னால் வரப்போகிறவனுக்காக அங்கே தங்குகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் சதுப்பு நிலத்தில் தோண்டி எடுத்த சின்னத்தை, மரத்தடியில் போராடிப் பெற்ற கவசத்தை விட்டுச் சென்றது யார் என்று அந்தச் சிறுவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. விட்டுச் சென்றவர்கள் அவர்களேதான்.

அமெரிக்காவில் முதல் பாகம் ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரில் 1989-ல்தான் போனது. பேட்டரி சேர்த்தார்கள், நாயகன் நடக்கும் திசையைப் பார்க்கும்படி வரைந்தார்கள், வசனத்தைப் பழங்கால ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். ஜப்பானில் நடந்த அதிசயம் அங்கே நடக்கவில்லை. மிஞ்சிய கேசட்டுகளை நிண்டெண்டோ தன் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அப்படி இலவசமாக வந்த கேசட்டில்தான் ஒரு தலைமுறை அமெரிக்கச் சிறுவர்கள் இந்த வகை விளையாட்டை முதலில் அறிந்தார்கள்.

நம் ஊருக்கு 90-களில் வந்த டிவி கேம் பெட்டிகள் பலவும் இதே ஃபாமிகாமின் நகல்கள்தான். அதில் செருகுவதை நாம் ‘கேசட்’ என்றோம். ஜப்பானியர்களும் ‘கசெட்டோ’ என்றுதான் சொன்னார்கள். மாரியோவும் கான்ட்ராவும் அந்தக் கேசட்டுகளில் வந்து சேர்ந்தன. படிக்க ஜப்பானிய மொழியும் சேமிக்கப் பேட்டரியும் கேட்ட அலெஃப்கார்ட் பெரும்பாலும் நம் கண்ணில் படவில்லை.

இப்போது அந்தக் குறை இல்லை. முதல் மூன்று பாகங்களும் 2014 முதல் ஆங்கிலத்தில் கைபேசியிலேயே கிடைக்கின்றன. மூன்றாம் பாகம் 2024 நவம்பரிலும், முதல் இரண்டு பாகங்கள் 2025 அக்டோபரிலும் புதிய படங்களோடு மறுபடி வந்திருக்கின்றன. வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஆடிப் பார்ப்பதாக இருந்தால் யூடியூபில் வழிகாட்டி வீடியோவைத் தேடாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஒவ்வொருவரும் சொல்வதை எழுதுங்கள். டெடோனுக்கு இரவிலும் போங்கள், பகலிலும் போங்கள்.

(தொடரும்)